முழங்காலுக்குக் கீழே

எத்தனை கோல் போட்டீங்க என்று
எஸ் நான்கில் ஒருவர் கேட்கிறார்.
சட்டையில் குத்திய பெயரைப் படித்துவிட்டார்,
எந்தப் பேப்பரிலோ பார்த்த ஞாபகம்.
எழுபத்து மூன்று சர்வதேச ஆட்டம்.
ஒன்றுமில்லைங்க, என்கிறேன்.
காத்திருப்புப் பட்டியலில் நின்றுபோனவர் முகம் ஆகிறது
அவருடையது.

என் வேலை வேறு.
பெனால்டி கார்னர் என்றால்
ஐந்து பேர் கோட்டுக்குப் பின்னால் குனிந்து நிற்போம்.
ஓரத்திலிருந்து பந்து கிளம்பும் நொடியில்
அடிக்கப்போகிறவளை நோக்கி
நேரே ஓட ஒருத்தி வேண்டும்.
மற்றவர்கள் கோலைக் காப்பார்கள்.
நான் பந்துக்கும் கோலுக்கும் நடுவே
உடம்பைக் கொண்டுபோய் வைப்பேன்.

சுண்ணாம்புக் கரட்டின் அடியில் எங்கள் பள்ளி மைதானம்.
வெள்ளைக்கல் லாரி ஒன்று போனால்
பந்தும் தூசியும் ஒரே நிறம்.
கண்ணால் தேடிப் புண்ணியமில்லை,
ஓடித்தான் தேட வேண்டும்.
வடக்கே சேர்வராயன் மலை
ஒரு உதவியும் செய்யாமல் பச்சையாக நிற்கும்.

வெளிநாட்டில் நான் முதலில் வாய்பிளந்தது
பனிக்கு அல்ல.
ஆட்டத்துக்கு முன் மைதானத்துக்குத் தண்ணீர் விட்டார்கள்.
நாலு மூலையிலும் பீரங்கி மாதிரி குழாய்.
நீலநிற பிளாஸ்டிக் புல், அதற்கு.
எங்கள் தெருவில் அன்றைக்கு எட்டாம் நாள்.
மனசுக்குள் குடம் குடமாக எண்ணிக்கொண்டிருந்தேன்.
விசில் ஊதிவிட்டார்கள்.

அம்மா கொலுசுக்குப் பற்றவைப்பவள்.
பனங்காட்டில் பட்டறை, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி.
பஸ்ஸில் எதிரே நிற்பவளின் பாதத்தைப் பார்த்தே
ஒன்பதரை, பத்து என்பாள்.
என்னுடையது பத்து.
கொலுசு கிடக்க வேண்டிய எடத்துல
என்னத்தையோ அட்டையக் கட்டிக்கிட்டுத் திரியறா
என்று பக்கத்துப் பட்டறையில் சொல்வாள்,
கொஞ்சம் பெருமையாகத்தான்.

ஒரு விதி இருக்கிறது.
ஓடிவருகிறவள்மேல் முதல் அடி பட்டால்,
முழங்காலிலோ அதற்கு மேலோ என்றால்
ஆபத்தான அடி, பந்து எங்களுக்கு.
முழங்காலுக்குக் கீழே என்றால்
மறுபடியும் கார்னர், அவர்களுக்கே.
எவ்வளவு வலித்தது என்பது கணக்கிலேயே இல்லை,
எந்த உயரத்தில் என்பதுதான்.

அம்மாவுக்கும் இது புரிந்துவிட்டது.
போனில் எடுத்ததும்,
மேலயா கீழயா சாமி?
மேலம்மா.
அப்பச் சரி, என்று சோறு வடிக்கப் போய்விடுவாள்.
பந்தின் குழிகள் தொடையில்
முத்திரைபோல் பதிந்துகிடந்த இரவிலும்.

கடைசி ஆட்டத்தில் மழை.
ஒன்றுக்கு ஒன்று.
நேரம் முடிந்துவிட்டது, கார்னர் முடியவில்லை;
அது முடியாமல் ஆட்டம் முடியாது.
ஓடினேன். இடது கணுக்கால். கீழே.
ஓடினேன். அதே கணுக்கால்.
கார்னர் முடியும்வரை ஆளை மாற்றவும் கூடாது.
நான் ஓடட்டுமா என்று இந்தியில் கேட்டாள் சுசன்னா,
பக்கத்தில் நின்றவள், கைக்குழந்தைக்காரி.
தலையாட்டினேனா, ஆட்டவில்லையா, நினைவில்லை.
பந்து கிளம்பியதும் கால் தானாகவே கிளம்பிவிட்டது.
மூன்றாவது, தொடையில்.
நடுவர் எங்கள் பக்கம் கை நீட்டினார்.
அவ்வளவு அழகான கையை நான் பார்த்ததில்லை.

பிறகு ஷூட் அவுட்டில் தோற்றோம்.
எனக்கு அது ஆம்புலன்ஸ் டிரைவர் சொல்லித் தெரியும்.

வீட்டுக்கு வந்த அன்று அம்மா டேப் எடுக்கவில்லை.
கட்டுப் பிரித்த காலைச் சும்மா பார்த்தாள்.
எடது பதினொண்ணு, வலது பத்து.
அடுத்த வாரம் ஒரு ஜோடி கொண்டுவந்தாள்.
பட்டறைக்காரர் சிரித்தாராம்,
என்னம்மா ஜோடி இது, தராசுல ஒருபக்கம் சாயுதே.
அவ ஓடுன பக்கம் சாயும், என்றாளாம்.

டேனிஷ்பேட்டை தாண்டி வண்டி வளைகிறது.
எஸ் நான்கில் எல்லோரும் கம்பியைப் பிடிக்கிறார்கள்.
நான் பட்டியலும் பேனாவுமாக
இடது காலில் நிற்கிறேன்,
சாக்ஸுக்குள் பதினொன்று.
ஒரு கோல்கூடவா இல்லை, என்கிறார் அவர்
இன்னும் விடாமல்.
உங்க ஆதாரைக் காட்டுங்க சார், என்கிறேன்.